மூன்று அங்குலம்

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.
லாந்தரை உயர்த்திப் பிடித்து மேஸ்திரி கத்துகிறான்:
மேற்குத் தண்டவாளம், உள்பக்கம், மூன்று அங்குலம்.
நாளை சாயங்காலத்துக்குள் தேசம் முழுக்க ஒரே அகலம்.

தெற்கே எங்கள் பாதை அகலம், வடக்கே ஒடுக்கம்.
சண்டைக்கு முன்பிருந்தே அப்படித்தான்.
சண்டை ஓய்ந்து இருபத்தொரு வருஷமாகியும்
ஆற்றங்கரையில் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கி
அடியில் வேறு சக்கரம் பூட்டித்தான் அக்கரைக்கு அனுப்புவார்கள்.
பஞ்சுப் பொதி அலட்டிக்கொள்ளாது.
மாட்டுப் பெட்டி என்றால் கத்தும்.

என் பெயர் ஈனோக் ப்ரூவெட்.
ப்ரூவெட் என்பது என்னை வாங்கியவன் பெயர்.
விடுதலையான வருஷம் ஒரு குமாஸ்தா
பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு அவசரப்படுத்தினான்.
வேறு பெயர் எதுவும் வாயில் வரவில்லை.

ஆணியின் கழுத்தைக் கடப்பாரை கவ்வுகிறது.
உளுத்த கட்டையிலிருந்து கீச்சிட்டுக்கொண்டு வெளியே வருகிறது அது.
எதிரே லெம் டாட்சன்,
சாம்பல் உடுப்பில் துப்பாக்கி பிடித்தவன்.
ஒரே மூச்சில் தள்ளுகிறோம்.
தண்ணீர் வருகிறது.
வாளி ஒன்று, குவளை இரண்டு.

சதுப்பைத் தாண்டிய துண்டில் கைதிகள்.
பத்தொன்பது பேரும் என் நிறம்.
ஒருவன் பன்றி திருடினானாம்,
ஒருவன் வேலையில்லாமல் சாலையில் நின்றானாம்.
தலைக்கு இவ்வளவு என்று கம்பெனி வாடகை கட்டியிருக்கிறது.
அவர்கள் கணுக்கால் இரும்பை
ஓர் அங்குலம் நகர்த்தும்படி உத்தரவு எதுவும் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் ஸ்டேஷனில் பேண்டு வாத்தியம்.
நீலக் கோட்டுக் கிழவர் ஒருவர், சாம்பல் கோட்டுக் கிழவர் ஒருவர்,
இரண்டு பேருக்குமே வலக்கை இல்லை.
இடக்கையால் குலுக்கிக்கொண்டார்கள்.
சகோதரர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்றார் பாதிரியார்.
பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.
எனக்கும் ஏதோ தொண்டையில் வந்து நின்றது,
பொய் சொல்வானேன்.

எனக்கும் ஒரு கூடப்பிறந்தவள் உண்டு. டெல்ஃபி.
மேக்கன் சந்தையில் விற்றபோது அவளுக்கு ஒன்பது, எனக்கு ஆறு.
அவள் இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும்.
ஏலக்காரன் அதை உரக்கச் சொல்லி
விலையில் இரண்டு டாலர் குறைத்தான்.
கூலி மிஞ்சிய மாசமெல்லாம்
சர்ச் பத்திரிகைக்கு ஐம்பது சென்ட் அனுப்பினேன்.
தகவல் தேவை. டெல்ஃபி. தாய் பெயர் வைனி.
நான் பார்த்தேயிராத ஊர்களில்
யாராரோ எழுந்து நின்று அதை வாசித்திருப்பார்கள்.

போன மாசம் சின்சினாட்டியிலிருந்து கடிதம் வந்தது.
பள்ளிக்கூடத்து டீச்சர் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.
'எனக்கு ஒரு தம்பி இருந்தான்.
அவன் பெயர் ஈனோக் இல்லை.
என் கட்டைவிரலைச் சலவைக் கம்பெனி உருளை தின்றுவிட்டது,
காட்டுவதற்கு ஒன்றுமில்லை.
பட்டாணி உரிக்கும்போது அம்மா ஒரு வார்த்தை சொல்வாள்.
அது தெரிந்தால் வாருங்கள்.'

ஈனோக் என்பதும் ப்ரூவெட் வீட்டில் வைத்ததுதான்.
அதற்கு முன்னால் என்னை எப்படிக் கூப்பிட்டார்கள்?
ஆறு வயது வரை ஏதோ ஒரு சத்தத்துக்கு
ஓடிப் போயிருப்பேன், சாப்பாட்டுக்கோ அடிக்கோ.
முப்பது மைல் நீளத்துக்கு எந்தக் கட்டை உளுத்தது என்று சொல்வேன்.
இது தெரியவில்லை.

புதன்கிழமை முதல் வண்டி.
எஞ்சினுக்கு அடுத்த பெட்டி எங்களுக்கு,
கரி முழுக்க உள்ளேதான் விழும்.
நான் நகர்த்திய மைல் வந்ததும் போனதும் தெரியவில்லை.
லெம் டாட்சன் கொடியோடு நின்றுகொண்டிருந்தான்,
என்னைப் பார்த்தானா தெரியாது.

மடியில் ஒரு பொட்டலம் பச்சைப் பட்டாணி.
ஒவ்வொன்றாக உரிக்கிறேன்,
ஒவ்வொன்றுக்கும் வாய் திறந்து மூடுகிறேன்.
என்ன முணுமுணுக்கிறீர் என்கிறான் பக்கத்து இருக்கைக்காரன்.
டென்னசி மலை தெரிவதற்குள்
பொட்டலத்தில் பாதி தீர்ந்துவிட்டது.